பெட்டியைத் திறக்கும் முன் பேரேட்டைப் பத்திரப்படுத்துங்கள்

கல்லாவுக்குப் பக்கத்தில் சிவப்பு அட்டை போட்ட பேரேடும் நாள்வழிக் குறிப்பேடும் இருந்த இடத்தில் இன்று பல கடைகளில் ஒரு மடிக்கணினி உட்கார்ந்திருக்கிறது. 2007 ஜனவரி முதல் தேதி தமிழகத்தில் மதிப்புக் கூட்டு வரி வந்தபோது நம்மில் சிலர் கணினிக்கு மாறினோம். 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது மற்றவர்களும் மாறினோம். கொள்முதல், விற்பனை, சரக்கு இருப்பு, வரவேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன.

அந்தப் பெட்டிக்கும் வயதாகிறது. காலையில் சுவிட்சைப் போட்டால், கடை கூட்டி, சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றி முடித்த பிறகுதான் திரை தெளிகிறது. கரண்ட் போனால் அந்த நொடியே அணைந்துவிடுகிறது. விசிறி மாவு மில் போல இரைகிறது. இந்த நிலை வந்ததும் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். "இது இனி ஆகாது" என்று ஓரங்கட்டிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குகிறோம். அல்லது கடைப் பையனிடம் கொடுத்து, சர்வீஸ் கடையில் போட்டுவிட்டு வரச் சொல்கிறோம். முதல் வழியில் பணம் வீணாகிறது. இரண்டாவது வழியில் பணத்தைவிடப் பெரியது ஒன்று கைநழுவக் கூடும்.

மடிக்கணினியின் பாகங்கள் எல்லாம் கடையில் விலைக்குக் கிடைப்பவை. அதனுள் இருக்கும் கணக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, எதைக் கழற்றலாம், எப்படிக் கழற்றலாம், கழற்றியதை என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

தராசுக்குத் தடை உண்டு, கணினிக்கு இல்லை

நம் கடைத் தராசு பழுதானால் நாமாகத் திறந்து சரிசெய்ய முடியாது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி உரிமம் பெற்றவர்தான் அதைப் பழுது பார்க்கலாம். பார்த்த பிறகு மறுபடியும் முத்திரை பெற வேண்டும். அது வாடிக்கையாளரின் நலனுக்காக இருக்கும் சட்டம். அதில் நமக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கணினிக்கு அப்படி எந்தத் தடையும் கிடையாது. பணம் கொடுத்து வாங்கிய பெட்டியைத் திறந்து பாகம் மாற்றுவது நம் உரிமை. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், பழுது நீக்கும் உரிமைக்கென்றே ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், செல்போன் மற்றும் மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை அதில் சேர்த்தார்கள். ஐரோப்பிய ஒன்றியமோ ஒரு படி மேலே போய், 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனாளரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று 2023-இல் சட்டம் இயற்றியது.

ஒரே ஒரு எச்சரிக்கை. உத்தரவாதக் காலம் முடியாத கருவியாக இருந்தால் நிபந்தனைகளைப் படித்துவிட்டுத் திறக்க வேண்டும். ரேமும் டிஸ்க்கும் மாற்றினால் சில நிறுவனங்கள் ஆட்சேபிப்பதில்லை, சில ஆட்சேபிக்கின்றன.

எது தேய்கிறது?

பத்து வருடம் ஓடிய லாரியில் முதலில் தேய்வது டயர்தான், சேசிஸ் அல்ல. மடிக்கணினியும் அப்படியே. தேய்கிற, அல்லது போதாமல் போகிற பாகங்கள் நான்குதான்.

முதலாவது ஹார்டு டிஸ்க். இதில்தான் கணக்கு முழுவதும் பதிந்திருக்கிறது. பழைய மடிக்கணினிகளில் இது நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு. ஒரு நொடிக்கு ஏறத்தாழ 100 எம்பி அளவுக்குப் படிக்கும். இதே இடத்தில் பொருந்தக்கூடிய எஸ்எஸ்டி என்னும் சுழலாத டிஸ்க் நொடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கும். சிறு சிறு துண்டுகளாகத் தேடி எடுப்பதில் வேறுபாடு இன்னும் பல மடங்கு. கணக்கு மென்பொருள் செய்வது பெரும்பாலும் இந்தத் தேடும் வேலைதான். ஆகவே கணினி மெதுவாகிவிட்டது என்னும் புகாரில் பெரும்பங்கு இந்த ஒரு பாகத்தை மாற்றினாலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது ரேம். டிஸ்க்கை கிட்டங்கி என்று வைத்துக்கொண்டால், ரேம் நம் கடையின் முன்மேசை. மேசை சிறியதாக இருந்தால் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கிட்டங்கிக்கு ஓட வேண்டும். 4 ஜிபி ரேம் இன்றைய விண்டோஸுக்கு மூச்சுத் திணறல். கணக்கு மென்பொருள், வரித் தளம், ஓர் எக்செல் தாள் ஆகியவற்றைச் சேர்த்துத் திறந்து வைக்க 8 ஜிபி வேண்டும்.

மூன்றாவது பேட்டரி. சில நூறு முறை ஏறி இறங்கிய பிறகு அதன் கொள்ளளவு குறைவது இயல்பு. கடையைப் பொறுத்தவரை இது வெறும் வசதி அல்ல. பில் போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பேட்டரி செத்துப்போன கணினி பாதி எழுதிய கணக்கோடு அணைந்துவிடும். கணக்குக் கோப்பு கெடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நான்காவது விசிறியும் அதன் அடியிலுள்ள வெப்பப் பசையும். சில்லின் சூட்டை உலோகத் தகட்டுக்குக் கடத்துவது அந்தப் பசை. வருடங்கள் போனால் காய்ந்துவிடும். சூடு கூடினால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எது காரணம் என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறும் நேரத்தில் டிஸ்க் என்னும் கட்டம் 100 சதவீதத்தில் நின்றால் குற்றவாளி பெரும்பாலும் டிஸ்க். மெமரி என்னும் கட்டம் 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம். இதைப் பார்க்காமல் மெக்கானிக்கிடம் போவது, வலி எங்கே என்று சொல்லாமல் வைத்தியரிடம் போவதற்குச் சமம்.

எல்லாப் பெட்டியும் ஒன்றல்ல

வாங்கும்போதே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பாகங்கள் செருகி எடுக்கும்படி இருக்கின்றனவா, அல்லது மதர்போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்களா என்பதுதான் அது. 2012-இல் வந்த ரெட்டினா திரை மேக்புக் புரோவில் ஆப்பிள் நிறுவனம் ரேமைப் பற்றவைத்தே கொடுத்தது. பிறகு மெல்லிய கணினிகள் பலவற்றில் அதுவே வழக்கமாகிவிட்டது.

பெரிய அலுவலகங்களில் ஓடிய பழைய கணினிகளை வாங்கும் வியாபாரிகளுக்குத் தெரிந்த பெயர் லெனோவோவின் திங்க்பேட் வரிசை. 2018-இல் வந்த டி480 என்னும் மாடலில் ரேமுக்கு இரண்டு செருகிடங்கள் உண்டு. இரண்டரை அங்குல டிஸ்க்குக்கு இடம் உண்டு. பேட்டரி இரண்டு, ஒன்று உள்ளே, ஒன்று பின்புறம் கழற்றும்படி. அடுத்த ஆண்டு வந்த டி490-இல் ரேமின் ஒரு பகுதி பற்றவைக்கப்பட்டது, ஒரு செருகிடம் மட்டும் மிஞ்சியது. பின்பக்கப் பேட்டரி போய்விட்டது. இரண்டரை அங்குல டிஸ்க்குக்கும் இடமில்லை. ஒரே வரிசையில் ஒரே ஆண்டில் இவ்வளவு மாற்றம். பின்னர் 2024-இல் டி14 வரிசையின் ஐந்தாம் தலைமுறையில், பழுது நீக்கும் கையேடுகளை வெளியிடும் ஐஃபிக்ஸிட் நிறுவனத்துடன் கலந்துபேசி, மீண்டும் இரண்டு ரேம் செருகிடங்களோடு கொண்டுவந்தார்கள்.

விளம்பரத்துக்காக இதைச் சொல்லவில்லை. மாடல் எண்ணைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்காகவே சொல்கிறோம். பல நிறுவனங்கள் தங்கள் கணினியைக் கழற்றும் முறையைப் படத்துடன் கூடிய கையேடாக இலவசமாகவே வெளியிடுகின்றன. மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடினால் கிடைக்கும். பாகம் வாங்கப் போகும் முன் அதைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

முதல் வேலை திருப்புளி அல்ல, நகல்

இனி முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் செய்ய வேண்டியவை நான்கு.

ஒன்று, கணக்கின் நகல். கணக்கு மென்பொருளில் உள்ள பேக்கப் வசதி வழியாக ஒரு நகலும், டேட்டா ஃபோல்டரை முழுதாகப் பிரதி எடுத்து ஒரு நகலும் எடுங்கள். இரண்டையும் ஒரே பென் டிரைவில் வைக்க வேண்டாம். ஒன்று கடையில் இருக்கட்டும், இன்னொன்று வீட்டில் இருக்கட்டும். எடுத்த நகலை வேறொரு கணினியில் திறந்து, கடைசி நாள் பில் அதில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத நோட்டுக்கட்டு மாதிரி.

இரண்டு, மென்பொருள் உரிமம். டேலி போன்ற மென்பொருளின் உரிமம் அந்தக் கணினியோடு பிணைக்கப்பட்டிருக்கும். டிஸ்க்கை மாற்றும் முன் உரிமத்தைச் சரண்டர் செய்துவிட்டு, மாற்றிய பிறகு திரும்பச் செயல்படுத்த வேண்டும். மறந்துவிட்டால் புதிய டிஸ்க்கில் கணக்கு இருக்கும், திறக்க உரிமம் இருக்காது.

மூன்று, பூட்டின் சாவி. புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளும் வசதி இருக்கிறது. பிட்லாக்கர் என்று பெயர். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டாலோ, மதர்போர்டை மாற்றினாலோ, 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினியை அமைத்துக் கொடுத்த பையன் தன் மின்னஞ்சலைப் போட்டுத் தொடங்கியிருந்தால், நம் பேரேட்டின் சாவி அவன் சட்டைப் பையில் இருக்கிறது என்று பொருள். இதை இன்றே பார்த்துக்கொள்வது நல்லது.

நான்கு, மின்னஞ்சல், வரித் தளம், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்கள். கணினி நினைவில் வைத்திருக்கிறது என்று நாம் மறந்துவிட்டோம். புதிய டிஸ்க் அவற்றை நினைவில் வைத்திருக்காது.

இது நம் வசதிக்காக மட்டும் சொல்வதல்ல. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஒரு நிதியாண்டின் கணக்கை, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2023-24 கணக்குக்கு அந்தக் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. ஆகவே 2030 டிசம்பர் 31 வரை அந்தக் கணக்கு நம்மிடம் இருந்தாக வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால் அது முடிந்த பிறகு ஓராண்டு வரை, இதில் எது பிந்தியதோ அதுவரை. விதி 57 இன்னும் தெளிவாகச் சொல்கிறது: மின்னணுக் கணக்குக்கு முறையான நகல் வைத்திருக்க வேண்டும், விபத்தாலோ இயற்கைக் காரணத்தாலோ கணக்கு அழிந்தால் நியாயமான காலத்துக்குள் அதை மீட்கும்படி இருக்க வேண்டும். "டிஸ்க் போய்விட்டது சார்" என்ற பதில் அதிகாரியின் முன் எடுபடாது.

திறக்கும் முறை

டி480 மாடலையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மற்ற மாடல்களில் இடம் மாறலாம், ஒழுங்கு மாறாது.

வெளிச்சமான மேசையில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். கணினியை முழுவதுமாக அணையுங்கள். மூடி வைத்துத் தூங்கவிடுவது அணைப்பது ஆகாது. இந்த மாடலில் தொடங்கும்போது எஃப்1 பொத்தானை அழுத்தினால் வரும் அமைப்புத் திரையில், உள் பேட்டரியைத் தற்காலிகமாக முடக்கும் வசதி உண்டு. அதைச் செய்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பின்புறப் பேட்டரியைக் கழற்றுங்கள். மின்சாரம் எங்கிருந்தும் வராது என்பது உறுதியான பிறகே அடுத்த வேலை.

அடிமூடியின் ஸ்க்ரூக்களைப் பொருத்தமான திருப்புளியால் தளர்த்துங்கள். தலை பொருந்தாத திருப்புளி ஸ்க்ரூவின் பள்ளத்தைத் தேய்த்துவிடும்; பிறகு அது வரவே வராது. இந்த மாடலில் ஸ்க்ரூக்கள் மூடியோடேயே நிற்கும். வேறு பலவற்றில் தனித்தனியாகக் கழன்று வரும், நீளமும் வேறு வேறாக இருக்கும். குட்டை ஸ்க்ரூ இருந்த ஓட்டையில் நெட்டை ஸ்க்ரூவைப் போட்டு முறுக்கினால் அது மதர்போர்டையே துளைத்துவிடும். ஆகவே ஒரு காகிதத்தில் கணினியின் அடிப்பாகத்தை வரைந்து, எடுத்த ஸ்க்ரூவை எடுத்த இடத்திலேயே குத்தி வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் மாட்டும்போது குழப்பம் இராது.

மூடியை நெம்ப இரும்பு வேண்டாம். காலாவதியான ஏடிஎம் அட்டை போதும். உள்ளே கை வைக்கும் முன் ஜன்னல் கம்பி போன்ற உலோகம் ஒன்றைத் தொட்டுக்கொள்ளுங்கள். நம் உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் நமக்கு ஒன்றும் செய்யாது, சில்லைக் கொன்றுவிடும். பிறகு உள் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிடுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, செருகியைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும்.

ரேமை எடுக்க, இரு பக்கமும் உள்ள கொக்கிகளை வெளிப்புறம் தள்ளினால் அது தானாகவே சாய்வாக எழும்பும். புதியதையும் அதே சாய்வில் செருகி, கீழே அழுத்தினால் டக்கென்று உட்காரும். அதன் பற்களிடையே உள்ள வெட்டு செருகிடத்தின் மேட்டோடு பொருந்த வேண்டும். டிடிஆர்3-க்கு 204 பற்கள், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. ஒன்றின் இடத்தில் மற்றொன்று போகாது. போகாததை அழுத்திப் போட முயலக் கூடாது.

டிஸ்க் ஒரு சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். சட்டத்தோடு எடுத்து, டிஸ்க்கை மட்டும் மாற்றி, அதே சட்டத்தோடு வைக்க வேண்டும். எஸ்எஸ்டி என்று பொதுவாகக் கேட்டு வாங்கக் கூடாது. இரண்டரை அங்குலப் பெட்டி வடிவம் ஒன்று, சூயிங்கம் வில்லை போன்ற எம்.2 வடிவம் ஒன்று. எம்.2 வடிவத்திலும் சாட்டா, என்விஎம்இ என்று இரு வகை. எது நம் கணினிக்குப் பொருந்தும் என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும். ரேம், டிஸ்க் விலையும் நம் மிளகு, ஏலக்காய் மாதிரிதான். செயற்கை நுண்ணறிவு நிலையங்களுக்கே உற்பத்தியில் பெரும்பங்கு போனதால் 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை உலகெங்கும் கிடுகிடுவென ஏறியது. போன மாத விலையை நம்பிக் கிளம்பாமல் அன்றைய விலையை இரண்டு இடத்தில் விசாரியுங்கள்.

மளிகைக் கடையின் தூசி

மற்றக் கடைக் கணினிக்கும் நம் கடைக் கணினிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கோதுமை மாவு, மிளகாய்த் தூள், மஞ்சள் தூள், தவிட்டுத் தூசி, சாம்பிராணிப் புகை எல்லாவற்றையும் அந்தச் சிறிய விசிறி இழுத்துக்கொள்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அது கம்பளி போலப் படிந்துவிடும். உள்ளே கதகதப்பாக இருப்பதால் கரப்பான்பூச்சியும் குடிவந்துவிடும். அடிமூடியைத் திறந்த கையோடு மென்மையான தூரிகையால் இதைச் சுத்தம் செய்துவிட வேண்டும். காற்று ஊதினால் விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். இல்லாவிட்டால் தறிகெட்டுச் சுழன்று தாங்கி கெட்டுவிடும். மண்ணெண்ணெய், பினாயில், தண்ணீர் எதுவும் கூடாது.

வெப்பப் பசையைப் புதுப்பிப்பது சற்றுப் பழகிய கை செய்ய வேண்டிய வேலை. அதை மெக்கானிக்கிடமே விடலாம். கணினியை மாவு மூட்டைகளுக்கு எட்டத்தில், தரையிலிருந்து உயர்த்தி வைத்தாலே பாதித் தொல்லை குறையும்.

பேட்டரியிடம் பணிவு வேண்டும்

லித்தியம் அயனி பேட்டரியை 1991-இல் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது சோனி நிறுவனம். அதற்கு அடித்தளமிட்ட மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. சின்ன உருவத்தில் பெரிய ஆற்றலை அடைத்து வைத்திருப்பதுதான் அதன் பெருமை, ஆபத்தும் அதுவே. 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம், தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது என்று சோனி தயாரித்த 41 லட்சம் மடிக்கணினிப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. பெரிய நிறுவனங்களே அஞ்சும் பொருளை நாம் அலட்சியமாகக் கையாளக் கூடாது.

மௌஸ் பலகை மேலே எழும்பினாலோ, அடிமூடி உப்பினாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். உடனே அணையுங்கள். சார்ஜில் போடாதீர்கள். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், நெம்பாதீர்கள். சாக்கு, அட்டைப்பெட்டி, எண்ணெய் டின் இல்லாத வெறும் சிமென்ட் தரையில் வைத்து, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். வீங்கிய பேட்டரியைக் கழற்றும் வேலை நம்முடையது அல்ல.

மாற்றும்போது, மாடல் எண் பொருந்தும், பில் தரும் கடையில் வாங்குங்கள். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத பேட்டரியை வாங்கிக் கடைக்குள் வைப்பது, மலிவு என்று கலப்பட எண்ணெய் வாங்கி விற்பதைப் போன்றது. நாள் முழுதும் சார்ஜிலேயே இருக்கும் கணினிக்கு, 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். பேட்டரி கூடுதல் காலம் உழைக்கும். பழையதைக் குப்பையில் போடவோ பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கவோ கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, தயாரிப்பாளரே அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்புடையவர். அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

கழற்றிய டிஸ்க் யாருடையது?

இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது இந்தக் கேள்விதான். சர்வீஸ் கடையில் புதிய எஸ்எஸ்டி போட்டுத் தருகிறார்கள். கணினி பறக்கிறது. நாமும் மகிழ்ந்து பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். கழற்றிய டிஸ்க் அங்கேயே மேசை மேல் கிடக்கிறது. சில இடங்களில் எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லி நூறு இருநூறு குறைத்துக்கொள்கிறார்கள்.

அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது? நமக்குச் சரக்கு தருபவர் யார், என்ன விலைக்குத் தருகிறார் என்பது இருக்கிறது. எந்த வாடிக்கையாளர் எவ்வளவு பாக்கி என்பது இருக்கிறது. ஆதார் நகல், பான் நகல், வங்கி அறிக்கை, குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. பழைய பேரேட்டைப் பொட்டலம் மடிக்கக் கொடுப்போமா? கொடுக்க மாட்டோம். டிஸ்க்கை மட்டும் கொடுத்துவிடுகிறோம்.

"எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்" என்று மெக்கானிக் சொல்லலாம். அவர் பொய் சொல்வதாக நாம் கருதவில்லை. ஆனால் டெலிட் செய்வதும், அவசர ஃபார்மட் செய்வதும் பேரேட்டின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழிப்பதைப் போன்றவை. உள்பக்கங்கள் அப்படியே இருக்கும். அமெரிக்காவின் எம்ஐடியில் மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபின்கல், அபி ஷெலட் இருவரும் சந்தையில் 158 பழைய டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து, முடிவை 2003-இல் வெளியிட்டார்கள். அவற்றில் 129 வேலை செய்தன. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் கடன் அட்டை எண்கள் முதல் சொந்தக் கடிதங்கள் வரை கிடைத்தன.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. மோர்கன் ஸ்டான்லி என்னும் அமெரிக்க நிதி நிறுவனம் தன் பழைய டிஸ்க்குகளை அப்புறப்படுத்தும் வேலையை, அதில் அனுபவமில்லாத ஒரு சாமான் ஏற்றிச் செல்லும் கம்பெனியிடம் கொடுத்தது. தகவல் அழிக்கப்படாமலே சில கருவிகள் ஏலத்தில் விலைபோயின. ஏறத்தாழ 1.5 கோடி வாடிக்கையாளர்களின் விவரங்களைக் காக்கத் தவறியதாக, 2022 செப்டம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 3.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. அவர்களுக்கு அபராதம் கட்டப் பணம் இருந்தது. நமக்கு வாடிக்கையாளரின் நம்பிக்கைதான் முதல்.

ஆகவே கழற்றிய டிஸ்க் நம்மோடு வீட்டுக்கு வர வேண்டும். அது வேலை செய்யும் நிலையில் இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. யுஎஸ்பி உறை ஒன்றில் அதைப் போட்டு, தேதி எழுதி ஒட்டி, இரும்புப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அன்று வரையிலான கணக்கின் முழு நகல் அது. 72 மாதக் கடமையில் ஒரு பகுதி அதிலேயே நிறைவேறிவிடும். உண்மையாகவே வேண்டாம் என்ற நாள் வந்தால், சுழலும் டிஸ்க்கை முழுவதும் மேலெழுதி அழிக்கலாம், அல்லது தட்டுகளின் ஊடே துளைபோட்டுவிடலாம். எஸ்எஸ்டிக்கு அதைத் தயாரித்த நிறுவனமே தரும் அழிக்கும் மென்பொருள் உண்டு.

சர்வீஸ் கடையில் சொல்ல வேண்டியவை

எல்லோரும் தாமே திருப்புளி எடுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கண் மங்கியவர், கை நடுங்குபவர், நேரம் இல்லாதவர் தாராளமாக மெக்கானிக்கிடம் போகலாம். சென்னை ரிச்சி தெரு முதல் சிறு நகரத்துக் கடைவீதி வரை திறமையானவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் நம்மைப் போன்ற சிறு வணிகர்களே. ஆனால் கணினியை விட்டுவிட்டு வராமல், கூட உட்கார்ந்து பாருங்கள். ரேமும் டிஸ்க்கும் மாற்றுவது நம் கண்முன் முடிகிற வேலை. விட்டுவிட்டு வரத்தான் வேண்டுமென்றால், மாடல் எண், வரிசை எண், உள்ளே இருக்கும் ரேம், டிஸ்க் அளவு ஆகியவற்றை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்க்கைக் கழற்றிக் கையோடு எடுத்து வந்துவிட்டால் இன்னும் நல்லது. கழற்றிய எல்லாப் பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். நம் ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில் வாங்குங்கள். பாகத்தின் உத்தரவாதத்துக்கு அதுவே ஆதாரம்.

எப்போது விட்டுவிட வேண்டும்?

எல்லாப் பெட்டியையும் காப்பாற்ற முடியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் சில்லாக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறைச் சில்லு உள்ள டி480 இந்த வரம்புக்குள் வருகிறது. அதற்கு முந்திய டி470 ஏழாம் தலைமுறையோடு நின்றுவிட்டதால் வரவில்லை. வரம்புக்கு வெளியே உள்ள கணினியில் வங்கிக் கணக்கையும் வரித் தளத்தையும் திறந்து வியாபாரம் செய்வது, பூட்டு உடைந்த கதவுக்கு வண்ணம் பூசுவதற்குச் சமம். அதில் புதுப் பாகம் போட்டுப் பணத்தைக் கரைக்க வேண்டாம். மதர்போர்டே போய்விட்டது என்றாலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் புதிதையே வாங்கலாம். பழைய பெட்டி போகலாம், அதன் டிஸ்க் மட்டும் நம்மிடம் இருக்கட்டும்.

வரம்புக்குள் உள்ள கணினி என்றால், பேட்டரி போனதற்காகவும் டிஸ்க் மெதுவானதற்காகவும் அதைத் தூக்கிப் போடுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

நம் சங்கக் கிளைகளில் மாதக் கூட்டம் நடக்கும்போது, ஊரில் உள்ள நம்பகமான மெக்கானிக் ஒருவரை அழைத்து, உறுப்பினர் ஒருவரின் பழைய கணினியை எல்லோர் முன்னிலையிலும் திறந்து காட்டச் சொல்லலாம். அரை மணி நேரம் போதும். வரும்போது ஒவ்வொருவரும் ஒரு பென் டிரைவில் தங்கள் கணக்கின் நகலைக் கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை வைத்துவிட்டால், கூட்டம் தொடங்கும் முன்பே பாதிப் பயன் கிடைத்துவிடும்.